தையல் மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி தராசுல வெச்சுப் பாருங்க



வெள்ளாமையையும் மாட்டையும் பத்தி எழுதறவன் தையல் மெஷினுக்கு எங்க வந்தான்னு நினைக்காதீங்க. எங்க ஊர் மகளிர் குழு ரெண்டு தடவை மெஷின் வாங்குனாங்க. முதல் தடவை வாங்குனது ஒரு மாசம்கூட ஓடல. ரெண்டாவது வாங்குனது நல்லா ஓடுச்சு, ஆனா குழுவை உடைச்சுருச்சு. அந்த ரெண்டாவது மெஷினை வாங்கச் சொல்லி யோசனை குடுத்தது நாந்தான். அதனால இதை எழுதற கடமை எனக்கு இருக்குதுங்க.

முதல்ல அவங்க என்ன தைக்கறாங்கன்னு சொல்லிடறேன். ஒட்டுப் போர்வை. மேல பழைய நூல் சேலையை வெட்டிக் கட்டம் கட்டமா இணைச்ச துணி, நடுவுல திருப்பூர்ல இருந்து கிலோ கணக்குல வர்ற பனியன் வேஸ்ட், இல்லைன்னா கிழிஞ்ச பழைய போர்வை, அடியில இன்னொரு சேலை. மூணையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாத் தைச்சா விரிக்கவும் ஆகும், போர்த்தவும் ஆகும். எங்க அம்மா காலத்துல குழந்தை பொறந்த வீட்டுக்கு இதைக் கையால தைச்சுக் குடுப்பாங்க. கரூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல இதே மாதிரி தைச்சு 'குயில்ட்டு'ன்னு பேர் வெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. எங்க குழு அனுப்பறது பழனி ரோட்டுக்கு. தைப்பூசத்துக்கு நடந்து போற பக்தர்கள் காங்கேயம், தாராபுரம் வழியாப் போவாங்கல்ல, ராத்திரி ரோட்டோரம் படுக்க அவங்களுக்கு இது தேவைப்படுது. தை மாசம் நல்லா விக்கும். மத்த மாசம் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க சொல்லி வெச்சு வாங்கிக்குவாங்க.

குழுவுல பன்னெண்டு பேர். எங்க பக்கம் வீடுக ஒரே தெருவுல இருக்காது. அவங்கவங்க தோட்டத்துல சாளை. ஒரு சாளைக்கும் இன்னொரு சாளைக்கும் அரைக் கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர், நடுவுல இட்டேரி. குழுவுக்குன்னு தனியா ரூம் கிடையாது. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு வாரம் ஒரு சாளை, அடுத்த வாரம் அடுத்த சாளைன்னு முறை வெச்சுத் தைக்கறாங்க. அடுத்த வியாழன் வரைக்கும் மெஷின் அந்தச் சாளையிலயே இருக்கும், அந்த ஒரு வாரம் அவங்க தனியாவும் தைச்சுக் கணக்குல சேர்த்துக்கலாம். ஒரு போர்வைக்கு இவ்வளவுன்னு கூலி. இந்த முறையை மனசுல வெச்சுக்குங்க, மெஷின் கதை பூராவும் இதுலதான் இருக்குது.

முதல் தடவை வாங்குனது ஃபோன்ல படம் பார்த்து. உள்ளங்கையில வெச்சுக்கற மாதிரி குட்டி மெஷின், நாலு பேட்டரியிலயும் ஓடும், ஒயர் மாட்டியும் ஓடும், எடை ஒரு கிலோகூட இல்லை. ஒண்ணு 1,800 ரூபாய்னு ரெண்டு வாங்கிட்டாங்க. ரவிக்கைத் துணி ரெண்டு மடிப்பு வெச்சுத் தைச்சுக் காட்டுனாங்க, நல்லாத்தான் ஓடுச்சு. மூணு அடுக்கு வெச்சதும் ஊசி பாதியில நின்னுட்டு மோட்டார் முனகுது. கையால சக்கரத்தைத் திருப்பி இறக்குனா ஊசி வளைஞ்சிருது. இந்த மாதிரி மெஷின் திரைச்சீலை ஓரம் அடிக்கவும், பிரிஞ்ச தையலைப் போடவும் ஆகும். அதைக் கெட்ட சாமான்னு சொல்ல மாட்டேன். ஆட்டுக்குட்டியை ஏர்ல பூட்டிட்டு உழுகலையேன்னா தப்பு யார் மேல? இன்னும் ஒரு வகை இருக்குது, கையில புடிச்சு அமுக்கித் தைக்கறது, ஸ்டேப்ளர் மாதிரி. அது ஒத்தை நூல் சங்கிலித் தையல். ஒரு முனையைப் புடிச்சு இழுத்தா வரிசை பூராப் பிரிஞ்சு வந்துரும். போர்வைக்கு அதைத் தொடவே தொடாதீங்க.

3,600 ரூபாய் சேமிப்புக் காசு போனதுல குழுவுக்குள்ள சண்டை. அப்பத்தான் எங்க வீட்டம்மா எங்கிட்ட கேட்டா. நான் கொஞ்சமும் யோசிக்காம, "இரும்பு மெஷின் வாங்குங்க, பேரன் காலம் வரைக்கும் ஓடும்"னேன். எங்க அம்மாவோட கருப்பு மெஷின் நாப்பது வருசம் ஓடுனதைப் பார்த்தவன் நான். டவுன்ல போய் நேர் தையல் போடற கருப்பு மெஷின், மரப்பலகை, மூடி, ஒரு சின்ன மோட்டார் எல்லாம் சேர்த்து வாங்கியாந்தோம். தையலைக் குறை சொல்ல முடியாதுங்க. மூணு அடுக்கு என்ன, அஞ்சு அடுக்கு வெச்சாலும் தட்டித் தள்ளிருது. நான் மீசையைத் தடவிக்கிட்டேன்.

ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா போர்வை எல்லாம் மூணே சாளையிலதான் தைக்கறாங்க. பன்னெண்டு பேர்ல நாலு பேர் வர்றதில்லை. என்னன்னு கேட்டா ஆளுக்கு ஒரு காரணம். எங்க பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஒருத்தங்க, எழுபது வயசுக்குப் பக்கம், துணியில எந்தக் கலருக்குப் பக்கத்துல எந்தக் கலர் வெக்கணும்னு அவங்க சொன்னாத்தான் போர்வை போர்வையா இருக்கும். அவங்க, "கண்ணு செரியாத் தெரியல சாமி, இனி என்னால ஆகாது"ன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் நம்பிட்டோம். ஒரு நாள் ராத்திரி எங்க வீட்டம்மா மோர் வாங்கப் போனா, அந்த ஆத்தா டியூப் லைட்டுக்கு அடியில உக்காந்து ஊசியில நூல் கோத்துத் தனியாக் கையால போர்வை தைச்சுக்கிட்டு இருக்கறாங்க. கண்ணாடிகூடப் போடல.

கண்ணு நல்லாத்தான் தெரியுது. மெஷினைத் தூக்க முடியல, அதுதான் விசயம். முறைப்படி போன வாரச் சாளையில இருந்து மெஷினைக் கொண்டுக்கிட்டு வர வேண்டியது அடுத்த முறைக்காரங்க பொறுப்பு. முதல் தடவை பேரன் தூக்கியாந்து குடுத்தான். அவன் கோயமுத்தூருக்குக் காலேஜுக்குப் போயிட்டான். வாராவாரம் யாரையாச்சும் கெஞ்சறதுக்கு அவங்களுக்கு மனசு வரல. வராம நின்ன மத்த மூணு பேர்ல ரெண்டு பேர் கர்ப்பப்பை ஆப்பரேசன் பண்ணுனவங்க, கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதைக் கூட்டத்துல வெச்சுச் சொல்ல அவங்களுக்குக் கூச்சம். இன்னொருத்தங்க டி.வி.எஸ். வண்டியில முன்னாடி வெச்சு ஓட்டியாரும்போது இட்டேரிக் கல்லுல வண்டி குதிச்சு மரப்பலகை ஓரம் விரிஞ்சிருச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, அவங்களா நின்னுட்டாங்க.

அன்னைக்கு ராத்திரியே மெஷினை எங்க சாளைக்குக் கொண்டுவரச் சொல்லி, தேங்காய்ப் பருப்பு எடை போடற தராசுல வெச்சேன். பலகை, மூடி, மோட்டாரோட 15 கிலோ 400 கிராம். எங்க வீட்டம்மா பக்கத்துல நின்னு, "ஏனுங்க, பேரன் காலம் வரைக்கும் ஓடும்னீங்க, பேரன் வந்துதான் தூக்கணும்னு சொல்லலையே"ன்னா. பதில் சொல்ல எனக்கு வாய் வரல.

இதுல இன்னொண்ணும் கவனிச்சேன். மெஷின் எந்தச் சாளையில இருக்குதோ அங்கதான் காசும் இருக்குது. தூக்க முடிஞ்ச மூணு பேர் சாளையில மெஷின் மாத்தி மாத்தி நின்னதால அந்த மூணு பேர் கணக்குலதான் போர்வை அதிகம். அவங்க ஒண்ணும் திருட்டுத்தனம் பண்ணல. மெஷின் கனம் அப்படிப் பிரிச்சு விட்டுருச்சு. குழுவுக்கு மெஷின் வாங்கறவங்க விலை, கம்பெனி, கேரண்டி எல்லாம் பாக்கறாங்க. எடையைக் கடைசியா, 'லேசா இருந்தா சௌகரியம்'னு நினைக்கறாங்க. என் அபிப்பிராயம், இடம் மாறித் தைக்கிற குழுவுக்கு எடைதான் முதல் கேள்வி. குழுவுல இருக்கறதுலயே தெம்பு கம்மியா இருக்கற ஆள் எவ்வளவு தூக்குவாங்களோ அதுக்கு மேல போகக்கூடாது. கடைக்காரர் சொல்ற எடையும் சரிப்படாது. ஒயர், காலால அமுக்கற பெடல், பை எல்லாம் சேர்த்து வர்ற எடையைத்தான் பாக்கணும்.

"அப்படீன்னா லேசான மெஷின் உழைக்காதே"ன்னு டவுன்ல மெக்கானிக் ஒருத்தர் எங்கூடச் சண்டைக்கே வந்தாரு. அவர் சொல்றதுல பாதி நியாயம். உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் வெச்சதை வேகமா ஓட்டி, சாக்கையும் ஜீன்ஸையும் போட்டு இழுத்தா பல்லு போயிரும்தான். ஆனா லேசுன்னா நோஞ்சான்னு அர்த்தம் இல்லீங்க. என் மகள் ஃபோன்ல ஒண்ணு காட்டுனா. சிங்கர் கம்பெனி 1933லயே 221ங்கற மாடலை விட்டிருக்காங்க. இரும்புக்குப் பதிலா அலுமினியத்துல வார்த்த உடம்பு, எடை சுமார் 5 கிலோ, ஒரு பெட்டிக்குள்ள அடங்கிரும், போடறது நேர் தையல் மட்டும். அமெரிக்காவுல பொம்பளைங்க ஒரு இடத்துல கூடி ஒட்டுப் போர்வை தைக்கறது ரொம்ப காலமா இருக்கற வழக்கம். அவங்க இந்தப் பழைய மெஷினை இன்னைக்கும் தேடிப் புடிச்சு வாங்கறாங்களாம், வகுப்புக்கும் குழுவுக்கும் தூக்கிட்டுப் போறதுக்காகவே. நம்ம ஊர்ல அது கிடைக்காது, கிடைச்சாலும் விலை கட்டுபடியாகாது. ஆனா எங்க ஆத்தாவுக்கு வந்த அதே பிரச்சினை அங்கயும் இருந்திருக்குதுங்கறதைப் பார்த்ததுல எனக்கு ஒரு திருப்தி.

நமக்குக் கிடைக்கறது வெள்ளைக் கலர் ஜிக்ஜாக் மெஷின். உஷா, சிங்கர், பிரதர்னு பல கம்பெனியில வருது. பெரும்பாலும் 5 கிலோவுல இருந்து 7 கிலோவுக்குள்ள இருக்குது. வெளிய பிளாஸ்டிக் மூடி, உள்ள உலோகச் சட்டம். இதுல பூத்தையல், காஜா தையல்னு இருபது வகை இருக்குதுன்னு காட்டி விலையை ஏத்துவாங்க. போர்வைக்கு வேண்டியது நேர் தையல், கூடிப்போனா ஓரத்துக்கு ஜிக்ஜாக். பூத்தையலுக்குக் காசைக் குடுக்காதீங்க.

மூணு அடுக்குத் துணியில ஒரு தொந்தரவு இருக்குது, அதைத் தெரிஞ்சுக்காம எந்த மெஷின் வாங்குனாலும் அழுகைதான். ஊசிக்கு அடியில இருக்கற பல்லு அடித்துணியை மட்டும்தான் புடிச்சு இழுக்கும். மேல அமுக்கற கால் மேல்துணியைப் புடிச்சு நிறுத்தும். ஒரு அடி தைக்கறதுக்குள்ள மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழுந்துரும். பனியன் வேஸ்ட்டுன்னா இன்னும் மோசம், அது ரப்பர் மாதிரி இழுபடும். இதுக்கு 'வாக்கிங் ஃபுட்'னு ஒரு கால் தனியா விக்குது. அதுலயும் பல்லு இருக்கும், மேல்துணியையும் அடித்துணியோட சேர்த்து நடத்திட்டுப் போகும். அதை மாட்ட முடியுமான்னு கேட்டுட்டு மெஷினை வாங்குங்க. தையல் நீளத்தை மூணு மில்லிமீட்டருக்கு மேல வெச்சு, 16 நம்பர் ஊசி போட்டு, நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குத் தைச்சுக்கிட்டு வந்தா சுருக்கம் பாதி குறைஞ்சிருது. இந்த நடுவுல ஆரம்பிக்கற விசயம் எங்க ஆத்தாவுக்கு முன்னாடியே தெரியும், மெஷின் பார்க்காத காலத்துலயே அப்படித்தான் தைச்சாங்களாம்.

சின்ன மெஷின்ல இன்னொரு குறை, ஊசிக்கு வலது பக்கம் இடம் கம்மி. பெரிய போர்வையைப் பாய் மாதிரி சுருட்டி உள்ள விட வேண்டியிருக்கும். எங்களுக்கு ஆறடிக்கு நாலடிதான், சமாளிச்சுக்கறாங்க. ரெட்டைக் கட்டில் போர்வை தைக்கணும்னா இது சரிப்படாது, ஒத்துக்கறேன். லேசா இருக்கறதால வேகமா ஓட்டும்போது மேசை மேல நகரும். பழைய டிராக்டர் டியூப்ல ஒரு துண்டு வெட்டி அடியில போட்டேன், நின்னுருச்சு.

பாபின் முன்பக்கம் போடற வகையா, மேல இருந்து போடற வகையான்னு கேப்பாங்க. மேல இருந்து போடறது பாக்க சுலபம், நூல் எவ்வளவு மிச்சம்னு கண்ணுக்குத் தெரியும். ஆனா பனியன் வேஸ்ட்டுல பறக்கற தூசி இருக்குதே, அது பாபின் அறைக்குள்ள போய் அடை மாதிரி அப்பிக்கும். முன்பக்க வகையில பாபின் கேஸ், சட்டில் ரெண்டையும் கழட்டி எடுத்து, பிரஷ்ஷால துடைச்சுட்டு மாட்டிக்கலாம். கருப்பு மெஷின்ல பழகுன கைக்கு அது புதுசும் இல்லை. நான் அதுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். எங்க வீட்டம்மா மேல போடறதுதான் நல்லதுன்னா. இன்னமும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கறா.

கரண்ட் பத்திப் பயப்பட வேண்டியதில்லை. பழைய குண்டு பல்பு ஒண்ணு ரெண்டு எரியற அளவுதான் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர்லயே ஓடும். திருப்பூர்ல வேலை செய்யற என் மச்சான் பையன், "மாமா, பழைய ஜூகி மெஷின் சல்லிசாக் கிடைக்குது, பவர் மெஷின், பறக்கும்"னான். பறக்கும்தான். தலை மட்டுமே இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல, கூட மேசை, மோட்டார். கம்பெனிக்கு அது சரி. நாங்க மறுபடியும் ஒரே சாளையில போய்த்தான் நிக்கணும். இலவசமா வர்ற கால் மெஷினும் அப்படித்தான். ஒருத்தங்க வீட்டோட உக்காந்து ரவிக்கை தைச்சுப் பொழைக்க அதைவிட நல்லது இல்லை. சுத்தி வர்ற குழுவுக்கு அது ஆகாது.

இந்தத் தடவை கடைக்கு நான் தனியாப் போகல. ஆத்தாவையும் ஆப்பரேசன் ஆனவங்கள்ல ஒருத்தங்களையும் கூட்டிக்கிட்டு, எங்க துணியையே மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போனோம். கடைக்காரர் வெள்ளைத்துணி ரெண்டு மடிப்புல தைச்சுக் காட்டுவாரு, அதுல எந்த மெஷினும் ராஜாதான். எங்க மூணு அடுக்கை, அதுவும் ஒட்டுத் தையல் மேட்டு மேல ஏறி இறங்கற மாதிரி தைச்சுக் காட்டச் சொன்னோம். முதல் மெஷின் மேட்டுல நின்னுருச்சு. ரெண்டாவது ஏறுச்சு, தையல் விட்டு விட்டு விழுந்துச்சு. மூணாவது சரியாப் போச்சு. ஆத்தாவே நூல் கோத்தாங்க, ஆத்தாவே பாபின் மாத்துனாங்க. அப்புறம் கைப்புடியைப் புடிச்சுத் தூக்கிக்கிட்டு கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாங்க. கடைப் பையன் சிரிச்சான். ஊசி, பாபின் நம்ம டவுன்லயே கிடைக்குமா, ரிப்பேர்னா எங்க அனுப்பணும்னும் கேட்டு எழுதி வாங்கிக்கிட்டோம்.

12,400 ரூபாய், வாக்கிங் ஃபுட்டுக்குத் தனியா 650. குழுக் கடன்ல வாங்கி மாசாமாசம் கட்டறாங்க, இன்னும் ஏழு தவணை பாக்கி. வீட்டுத் தராசுல பெடல், பையோட 7 கிலோ 100 கிராம் வந்துச்சு. கருப்பு மெஷினை விக்கல, அது எங்க திண்ணையில இருக்குது, கனமான ஓரம் அடிக்க வேணுங்கறவங்க வந்து அடிச்சுக்குவாங்க. மெக்கானிக் சொன்ன மாதிரி இந்த வெள்ளை மெஷின் நாப்பது வருசம் ஓடாதுன்னே வெச்சுக்குவோம். பத்து வருசம் பன்னெண்டு பேரும் தைச்சா எனக்குப் போதுமுங்க.

நின்னு போன நாலு பேர்ல மூணு பேர் திரும்ப வந்துட்டாங்க. டி.வி.எஸ்.ல கொண்டு வந்தவங்க மட்டும் இன்னும் வரல, போய்க் கூப்பிடணும். ஆத்தாவுக்கு மெஷின் மேல ஒரு குறை, சத்தமே இல்லாததால தைக்குதா இல்லையான்னு தெரியலையாம். கம்பெனி குடுத்த பை பிஞ்சு போச்சுன்னு மிச்சத்துணியில மூணு அடுக்கு வெச்சு அவங்களே ஒரு பை தைச்சுட்டாங்க. அதுல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு காது, ரெண்டு பேர் சேர்ந்து புடிச்சுக்கிட்டுப் போறதுக்கு. வர்ற வியாழக்கிழமை அவங்க முறை.